ரத்த ரிப்போர்ட்டின் உரையாசிரியர்

இவருக்கு வயது 55-க்கும் 65-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். கேட்டால் வயதைச் சொல்ல மாட்டார், பெஞ்ச் பிரஸ் எத்தனை கிலோ என்று சொல்வார். அங்கிள் என்று கூப்பிட்ட ஜிம் பையனுக்கு இதுவரை பதில் கிடைத்ததில்லை. ஜி என்றால் உடனே திரும்புவார். மார்கழிப் பனியிலும் கையில்லாத பனியன்தான். இந்த வயதுக்காரர்கள் கைப்பேசியை நீட்டினால் அதில் பேரன் தவழ்ந்துகொண்டிருப்பான். இவர் நீட்டினால் அது லேபிலிருந்து வந்த பி.டி.எஃப். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளை வீட்டுக்கே வரவழைத்து ரத்தம் கொடுத்துவிட்டு, மாலைக்குள் வந்துசேரும் 14 பக்கத்துக்கும் வரி வரியாக உரை சொல்வது இவருடைய இரண்டாம் தொழில். முதல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எடை தூக்கும் மூத்தவர்கள் கலிஃபோர்னியாவிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. ஊர் மாறினாலும் உரை மாறுவதில்லை.

இந்த மரபின் ஆதிபுருஷர் சாதாரண ஆள் இல்லை. பிரௌன்-செகார் என்ற பெயர்பெற்ற நரம்பியல் அறிஞர், 1889-ல் தம் 72-ஆவது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்குத் தாமே ஊசியாகப் போட்டுக்கொண்டு, பாரிஸில் அறிஞர் சபையின் முன்னால் வலு திரும்பிவிட்டது என்று அறிவித்தார். வெறும் வாய்ப்பேச்சு இல்லை, கருவி வைத்து முன்னங்கையின் பலத்தை அளந்து கணக்கும் காட்டினார். தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் வேலை செய்கிற அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வழியில்லை என்பது பின்னால் தெரிந்தது. அளந்தவர், அளக்கப்பட்டவர், அளவுக்குப் பொருள் சொன்னவர் மூவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் கோளாறு. நம்மவரிடம் இருப்பது அசல் ஹார்மோன், அளக்கிற கருவியும் அசல். கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் அவருக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடலாம். கிரியேட்டினின் 1.4 என்று தடித்த எழுத்தில் வந்தால் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். இவர் பதற மாட்டார். "சதை ஜாஸ்தி, அதான்" என்பார். பேச்சில் நியாயம் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை பெருத்தால் அதுவும் கூடும், கிரியேட்டின் பொடி சாப்பிட்டாலும் கூடும், அப்போதும் சிறுநீரகம் நன்றாகவே இருக்கலாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஏறியிருந்தால் கல்லீரலை நினைத்து மருத்துவர் புருவம் தூக்குவார், இவர் முந்தாநாள் போட்ட டெட்லிஃப்டைச் சொல்வார். அதிலும் உண்மை உண்டு. எடை தூக்கிப் பழக்கமில்லாத ஆரோக்கியமான ஆண்கள் 15 பேரை ஒரு மணி நேரம் எடை தூக்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2008-ல் வெளியானது. அந்த இரண்டு அளவுகளும் ஏறி, குறைந்தது 7 நாள் இறங்காமல் நின்றன. இன்னொன்றும் உண்டு. லேப் அச்சடிக்கும் இயல்பு எல்லை, ஆரோக்கியமானவர்களிலேயே நூற்றுக்கு 95 பேரை உள்ளே வைத்து வரைந்த கோடு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது கோட்டைத் தாண்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எண்பது சோதனை கொண்ட தள்ளுபடிப் பேக்கேஜை எடுத்துக்கொண்டு, தடித்த எழுத்தே இல்லாத ரிப்போர்ட்டை எதிர்பார்ப்பது பேராசை.

வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு இடத்தில் உரை பலித்துவிட்டதால் எல்லா வரிக்கும் உரை எழுதும் உரிமை வந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்கிறார். பாட்டின் ஒரு மூலையில் கிடக்கும் சொல்லை இழுத்துவந்து மறுமூலையில் மாட்டிப் பொருள் கொள்கிறார் என்று பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர்மேல் புலவர்களுக்கு ஒரு குறை உண்டு. அவரே அசந்துபோகும்படி நம்மவர் மாட்டுவார். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமோட்டோகிரிட், அதாவது நம் லேப்களில் பி.சி.வி. என்று அச்சாகும் வரி, 55-ல் நிற்கும். "அன்னிக்குத் தண்ணி சரியா குடிக்கலை." நல்ல கொழுப்பான எச்.டி.எல். 28-க்கு இறங்கியிருக்கும். "பரம்பரை. எங்கப்பாவுக்கும் அப்படித்தான்." அப்பாவுக்கு யாரும் எச்.டி.எல். பார்த்ததே இல்லை. புரோஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ஏறியிருக்கும். "முந்தின நாள் சைக்கிள் மிதிச்சேன்." டெஸ்டோஸ்டிரோன் 1,150 என்று இருக்கும். அதற்கு மட்டும் உரை கிடையாது, மூலமே தெளிவாக இருக்கிறதாம். பிடிக்காத எண்ணுக்கு நூறு சந்தேகம், பிடித்த எண்ணுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் படிக்காதவர் என்று யாரும் சொல்ல முடியாது. படித்ததைப் பரிமாறும்போதுதான் பந்தியில் ஓரவஞ்சனை.

இத்தனைக்கும் அவர் சொல்கிற காரணங்கள் எல்லாமே சோதித்துப் பார்க்கக் கூடியவை. கல்லீரலா தசையா என்று சந்தேகம் வந்தால், ஜி.ஜி.டி. தசை வலிக்கு அசையாது, சி.பி.கே. தசை அடிபட்டால் எகிறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். சிறுநீரகமா சதையா என்றால், சிஸ்டாட்டின் சி என்ற சோதனை தசையின் பருமனை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. தண்ணீர்தான் குறைவென்றால், நன்றாகக் குடித்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி ரத்தம் கொடுக்கலாம். ஒரு வாரம் எடையைத் தொடாமல் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாமல் இருப்பதா? சதை கரைந்துவிடாதா? ஆகவே சோதனை நடக்காது, காரணம் மட்டும் அடுத்த ரிப்போர்ட் வரைக்கும் வாய்தா வாங்கிக்கொள்ளும்.

பிடித்த எண்ணின் கதை இதைவிட ருசியானது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும், சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால்தான், அறிகுறிகளும் இருந்து, இரண்டு வெவ்வேறு நாள் காலையில் எடுத்த அளவும் குறைவாக இருந்தால்தான் குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமைக் கோடாக வைத்திருக்கிறது. நம்மவர் ஊசிக்கு வந்த வழி வேறு: மதியம் பிரியாணி, மூன்று மணிக்கு ரத்தம், ஒரே ஒரு அளவு, 280. ஊசி தொடங்கிய பிறகோ நாட்காட்டி இவர் கைக்கு வந்துவிடுகிறது. எனந்தேட் போன்ற எண்ணெய் ஊசி போட்ட சில நாளுக்குள் அளவு உச்சிக்குப் போய், அடுத்த ஊசிக்கு முன்னால் அடிமட்டத்துக்கு வரும். நடுநாளில் பார்ப்பதுதான் முறை. ஜிம்மில் காட்டுவதற்கென்றால் இவர் இரண்டாம் நாள் ரத்தம் கொடுப்பார். மருந்தைக் கூட்டச் சொல்லி மருத்துவரிடம் காட்டுவதற்கென்றால், அடுத்த ஊசி நெருங்கும் பதின்மூன்றாம் நாள். ஒரே உடம்பு, ஒரே மாதம், இரண்டு சான்றிதழ். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரையைத் தாராளமாக விழுங்குபவராக இருந்தால் இன்னும் வேடிக்கை. சில வகைச் சோதனைக் கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனை உள்ளதைவிட அதிகமாகவும் பி.எஸ்.ஏ.வைக் குறைவாகவும் காட்டிவிடும். அவர் ஆசைப்படுகிற ரிப்போர்ட்டை மாத்திரையே எழுதித் தந்துவிடுகிறது.

மருத்துவர் இரண்டு நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை, இவராவது வரி வரியாகப் படிக்கிறாரே என்று யாராவது பரிந்து பேசலாம். அந்த இரண்டு நிமிஷத்திலும் ஊசியைப் பற்றி இவர் வாய் திறப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால் பிட்யூட்டரி சுரப்பி, விரையைச் சுரக்கத் தூண்டும் தன் எல்.எச். உற்பத்தியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ஊசி தெரியாத மருத்துவர் அந்தச் சுழியைப் பார்த்து மூளைக்கு ஸ்கேன் எழுதுவார். டாக்டருக்கே ஒன்றும் தெரியவில்லை என்று இவர் ஜிம்மில் வந்து சிரிப்பார்.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. 2023-ல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு, 45 முதல் 80 வயது வரையுள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பார்த்து, டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடக் கூடவில்லை என்றது. இதை இவர் தூக்கத்திலும் சொல்வார். அதே ஆய்வில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு, நுரையீரலில் ரத்த உறைவு, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கூடியிருந்தன. அது விழித்திருக்கும்போதும் நினைவுக்கு வராது. அங்கே கொடுத்தது தோலில் பூசும் ஜெல். சேர்ந்தவர்கள் இரண்டு முறை சோதித்துக் குறைபாடு உறுதியானவர்கள். அளவை 350-க்கும் 750-க்கும் நடுவில் வைக்கவே முயன்றார்கள். 1,150-ல் உலாவுகிறவர் அந்த ஆய்வின் நிழலில் ஒதுங்க முடியாது.

ரத்தம் கெட்டியானால் தானம் செய்துவிடுவேன் என்பது இவருடைய கடைசி அஸ்திரம். புண்ணியமும் ஆயிற்று, எண்ணும் இறங்கிற்று என்பது கணக்கு. மருந்தின் அளவு அப்படியே இருக்க ரத்தத்தை மட்டும் இறைத்துக்கொண்டே போனால் உடம்பில் இரும்புச் சத்து வற்றும், சோர்வு வரும். சோர்வு வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் போதவில்லை என்று ஊசியைக் கூட்டுவார், ரத்தம் மறுபடி கெட்டியாகும். வழிகாட்டுதல் இவ்வளவு சுற்றுவழி போகவில்லை. ஹீமோட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்து, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்கு என்று அமெரிக்க எண்டோக்ரைன் சங்கம் 2018-லேயே எழுதிவைத்துவிட்டது.

இப்படி ஒரு பெரியப்பாவோ மாமனாரோ உங்கள் வீட்டில் இருந்தால் வாதத்தில் இறங்காதீர்கள், ஜெயிக்க முடியாது. பி.டி.எஃப்.பை அவரே நீட்டுவார், வாங்கி பி.சி.வி. வரியை மட்டும் பாருங்கள். 54-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த ஊசிக்கு முன்னால் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஊசியின் பெயரையும் அளவையும், கடைசியாகப் போட்ட தேதியையும் அவரிடம் விடாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.