பொங்கலுக்கு ஊர், சுற்றுவதற்குச் சைக்கிள்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. பொங்கல் விடுப்பில் மணலூர்பேட்டை வருகிறேன். பழைய சைக்கிளில் சும்மா சுற்றலாம் என்றிருக்கிறேன். எங்கே போகலாம்?

பதில்: டயருக்குக் காற்றடித்ததும் முதலில் பக்கத்திலிருக்கும் ஜம்பைக்கு விடுங்கள். அசோகர் தம் கல்வெட்டில் குறிப்பிட்ட சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். 1981இல் ஜம்பைக் குன்றில் கிடைத்த தமிழிக் கல்வெட்டு, ‘அதியமான் மரபினரே’ என்று வழக்கை முடித்துவைத்தது. அதியமான் நெடுமான் அஞ்சி அங்கே குகைப் பள்ளி கொடுத்த செய்தி அது. ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவர் ஆயிற்றே, கொடுக்காமல் இருப்பாரா! காரில் போகிறவருக்கு அது வெறும் குன்று. மிதித்துப் போகிறவருக்கு நின்று பார்க்கப் பொழுது உண்டு.

காலை வெயிலில் தென்பெண்ணைக் கரையோரமும் சுற்றலாம். சாத்தனூர் அணையில் தண்ணீர் திறப்பதாக அறிவித்தால் மட்டும் ஆற்றில் இறங்காதீர்கள்.

தை 5இல் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே இங்கே தீர்த்தவாரிக்கு வருகிறார். அன்றைய கூட்டத்தில் சைக்கிள் மணிக்கு வேலையில்லை, சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போங்கள். திரும்பும் விமான டிக்கெட்டைத் தை 5க்குப் பிறகு போடுங்கள்.