தனிமைக்கும் ஓர் அமைச்சர்

கேள்வி: அரசியல் ஏமாற்றும்போது பிரிட்டிஷ் மக்கள் நண்பர்களிடம் ஆறுதல் தேடுவார்களா?

பதில்: தேடுவார்கள், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, விலகுவதா என்று மக்களிடமே கேட்ட 2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பு 52க்கு 48 என்ற விழுக்காட்டில் முடிந்த பிறகு, எதிரே அமர்ந்திருப்பவர் எந்தப் பக்கம் என்று அறியாமல் ஆறுதல் கேட்பது சற்று ஆபத்தான காரியமாகிவிட்டது. எனினும் பப் எனப்படும் மதுக்கூடம் அந்நாட்டு ஊர்த்திண்ணையாக இருப்பதாலும், கூட்டத்தில் ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லோருக்கும் மது வாங்கித் தரும் ‘ரவுண்டு’ வழக்கம் அங்கே ஏறத்தாழ சட்டமாகவே மதிக்கப்படுவதாலும், கொள்கையில் பிரிந்தவர்களும் தம் முறை வந்தால் எழுந்தே ஆகவேண்டும். இதை மீறியவரை மன்னிப்பதைவிடக் கட்சி மாறியவரை மன்னிப்பது எளிது.

அரசும் சும்மா இருக்கவில்லை: வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு கொலையுண்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தனிமையில் வாடுவோருக்காகத் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, 2018இல் பிரதமர் தெரசா மே தனிமைக்கான அமைச்சர் பொறுப்பை, ஏற்கெனவே விளையாட்டுத் துறையைக் கவனித்துவந்த அமைச்சர் டிரேசி கிரௌச்சிடம் ஒப்படைத்தார். நோக்கம் உயர்ந்தது, முழுநேர அமைச்சர்தான் கிடைக்கவில்லை.

பிரதமர்களின் நிலையோ இன்னும் பரிதாபம்: 2016க்கும் 2022க்கும் இடையே ஐவர் அப்பதவியில் இருந்தனர், அவர்களுள் லிஸ் டிரஸ்ஸின் பதவிக்காலம் ஐம்பது நாளைக்கூடத் தாண்டவில்லை. அவரது படத்தருகே ஒரு லெட்டூஸ் கீரையை வைத்து, எது முதலில் வாடும் என்று ஒரு நாளிதழ் இணைய நேரலையில் காட்டியது, கீரை வென்றது.