ஒன்பது மணிப் பால்

எங்கள் வீட்டுக் கணினியில் இணையம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திரையின் மூலையில் மூன்று வளைவுகளும் வெள்ளை வெளேரென்று நிற்கும். பக்கம்தான் திறக்காது. சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டால், கொஞ்ச நேரம் பியானோ வாசித்துவிட்டு ஓர் இளைஞர் வருவார். "ஸ்விட்சை அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா சார்?" பார்த்தேன் என்றால், எங்கோ உட்கார்ந்தபடியே என் வீட்டைச் சோதித்து, கண்ணாடி இழை வரை எல்லாம் சுத்தம் என்பார். அதற்கு அப்பால் உள்ளது என் குடும்ப விவகாரம் என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது.

அவர் சொன்னதில் தப்பில்லை. இரவு ஒன்பது மணிக்கு மகளின் சூம் டியூஷனில் ஆசிரியர் வாயைத் திறந்தபடி உறைந்துபோவார். அதே நேரத்தில் சமையலறையிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். மாமியார் பால் சுட வைக்கும் வேளை.

மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. வைஃபையின் பழைய அலைவரிசை 2.4-இல் தொடங்கி 2.48 வரை. அடுப்புகள் இரைந்துகொண்டிருந்த அந்த இடத்தை 1985-இல் அமெரிக்கா, 'உரிமம் வேண்டாம், புழங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அடுப்பு இரைகிறது என்று புகார் சொல்ல வராதீர்கள்' என்கிற ரீதியில் திறந்துவிட்டது. ஆக, மாமியார் அங்கே பழைய குடி. நான் வந்தேறி.

இதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைநோக்கி 64 மீட்டர் அகலம். அதில் 1998-இலிருந்து விளங்காத சமிக்ஞைகள் சில வந்துகொண்டிருந்தன. விஞ்ஞானிகள் அவற்றுக்குப் 'பெரிட்டான்' என்று ஒரு கற்பனை மிருகத்தின் பெயரை வைத்தார்கள். 2015-இல்தான் குட்டு உடைந்தது. யாரோ பசி தாங்காமல், மைக்ரோவேவ் அடுப்பு நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்குப் பதினேழு ஆண்டு பிடித்தது. அவர்கள் வீட்டில் மாமியார் இல்லை போலும்.

"அடுப்பை விடுங்க மாமா, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க" என்றான் மச்சான். வங்கியில் சம்பளக் கணக்குப் பார்ப்பவன்; உறவு வட்டாரத்தில் அவன்தான் ஐடி. 2.4-ஐப் பற்றி அவன் சொன்னது சரிதான். அதில் பதின்மூன்று சேனல்கள் இருந்தும், ஒன்றோடொன்று இடிக்காதவை மூன்றுதான்: 1, 6, 11. மதியம் உணவங்காடியில் டிஷ்யூ பொட்டலம் வைத்து 'சோப்' பண்ணி இடம்பிடித்த மேசைகளின் கதி அவற்றுக்கு. கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தால் மேல்வீடு, கீழ்வீடு, எதிர் புளோக் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. மின்தூக்கியில் தலையை மட்டும் ஆட்டும் அண்டைவீட்டார், ஆறாம் சேனலில் என் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, 5-க்கு மாறினோம். கூடத்தில் பறந்தது. கணினி இருக்கும் சமையலறைப் பக்கத்து அறைக்குப் போனால் செத்துப்போனது. காரணம், நடுவில் பாம் ஷெல்டர்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 1997-இல் வந்த சட்டப்படி, இங்கே சிங்கப்பூரில் புதிதாகக் கட்டும் வீடுகளில் குண்டு விழுந்தால் ஒதுங்க ஓர் அறை வேண்டும். நாலு பக்கமும் கம்பி பின்னிய தடித்த கான்கிரீட், ஒரு இரும்புக் கதவு. எழுபதுகளில் எழுந்த கிளமெண்டியின் பழைய புளோக்குகளில் இது கிடையாது. அவற்றில் இருப்பவர்களின் வைஃபை சுகமாக நடமாடுகிறது. எங்களுடையது புது புளோக். குண்டுக்கு அசையாத சுவர், ஆறு சென்டிமீட்டர் அலைக்கா அசையும்? எங்கள் ஷெல்டரில் இதுவரை அடைக்கலம் புகுந்தவை: முஸ்தபாவில் வாங்கிய பொன்னி அரிசி மூட்டைகள், இரண்டு பெட்டிகள், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் இட்லிக் கொப்பரை.

சுவரில் ஓட்டை போட்டு வயரை இழுத்துவிடலாமே என்றால், அதற்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. "சிம் லிம் போங்க, ஆறு கொம்பு வெச்ச ரௌட்டர் கிடைக்கும்" என்றான் மச்சான். கொம்பு எத்தனை முளைத்தாலும் கான்கிரீட் கான்கிரீட்தான்.

மறுபடி 2.4. பால் காயாத நேரத்திலும் இப்போது தடுமாற்றம். இந்த முறை துப்பு துலக்கியது மகள். புகைப்படங்களைச் சேமிக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் இணையம் போகிறது, பிடுங்கினால் வருகிறது. நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தால், 2012-லேயே இன்டெல் நிறுவனம் இதற்கென்று ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் இதே 2.4 பக்கம் போய் விழுமாம். மச்சான் தந்த வைஃபை குச்சியோ டிஸ்க்குக்கு அடுத்த துளையில், தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தது. ஒரு நீட்டிப்பு வயரில் குச்சியைத் தள்ளி வைத்ததும் பாதி நோய் போனது.

மீதிப் பாதிக்கு, கூடத்திலிருந்து சுவரோரமாக ஷெல்டரைச் சுற்றி லேன் கேபிள் ஓடுகிறது. கம்பியில்லா இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு கம்பியில் வாழ்கிறோம். டியூஷன் ஆசிரியர் வாயை மூடத் தொடங்கிவிட்டார்.

மாமியாரின் கைப்பேசி மட்டும் இன்னும் 2.4-இல். ஒன்பது மணிக்குப் பாலை உள்ளே வைத்துவிட்டு, அடுப்பில் சாய்ந்தபடியே தஞ்சாவூர்த் தங்கையை வீடியோவில் கூப்பிடுவார். தங்கை உடனே உறைந்துபோவார்.

"உங்க ஊரு நெட்டே இப்படித்தான்டி" என்பார் மாமியார். "இங்க எங்களுக்கு ஒரு குறையும் இல்ல."