சைக்கிள் சிங்கமும் கீரனூர்ப் புழுதியும்

1948 ஜனவரி 1 அன்று பிரிட்டன் தன் நான்கு பெரிய ரயில் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. புதுக்கோட்டைக்காரர்களான நாம் கஜானாவை ஒப்படைத்து, சமஸ்தான நாணயமான அம்மன் காசுக்கு விடை கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். பிரிட்டிஷ்காரர்களுக்கோ பெயிண்ட் கவலை. ஜனவரி முடிவதற்குள் லண்டன் கென்சிங்டனில் இன்ஜின்களுக்கு விதவிதமான பச்சை பூசி வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் பெண் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கடைசியில் பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின்களுக்குக் கிடைத்தது நீலம்! அதுவும் வெளுத்துப்போக, 1951 வாக்கில் பச்சைக்கே திரும்பினார்கள். இன்ஜினுக்குப் பின்னால் கரி சுமக்கும் டெண்டரில், புது ரயில்வேயின் சின்னமாகச் சக்கரத்தின்மேல் ஏறி நின்ற சிங்கத்துக்கு ஜனங்கள் வைத்த பேர், சைக்கிள் சிங்கம்.

அந்த அற்பாயுசு நீலத்தைத்தான் மாடல் ரயில் பிரியர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். நிஜ இன்ஜினில் 76-ல் ஒரு பங்கு அளவு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், ஓடுவது பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தில். நீராவி பேருக்குத்தான். புத்தம்புது இன்ஜினை அழுக்காக்கிக் காட்டத் தனிப் பவுடர் உண்டு, காசுக்கு.

நமக்கு அந்தச் செலவு மிச்சம். சித்திரையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூர்ச் செம்மண் புழுதி மதியத்துக்குள் இலவசமாகப் பூசிவிடும். ஆனால் புதுக்கோட்டை வழியாக நிஜமாகவே புகைவிட்டு ஓடிய மீட்டர்கேஜ் இன்ஜினை மாடலாகக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் மிக மரியாதையாக அந்த நீல இன்ஜினையே எடுத்து நீட்டுவார்.