மீட்டரா, பிராடா?

வரியை உள்ளே தள்ள டேப் தட்டுவதா, ஸ்பேஸ் தட்டுவதா என்று சாப்பாடு ஆறும்வரை சண்டை போடுகிற ஜாதி நாங்கள், புரோகிராமர்கள். ஆனால் ஊருக்குப் போகும் ரயில் விடியற்காலையில் பாம்பனில் வேகம் குறைக்கும்போது எனக்குப் பணிவு வந்துவிடும். இந்த வம்பில் ரயில்வேக்காரர்கள் எங்களுக்குத் தாத்தா.

கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபு தண்டவாளங்களுக்கு நடுவே 5 அடி 6 அங்குலம், அதாவது பிராட் கேஜ், என்று விதித்துவிட்டுப் போனார். நாகப்பட்டினம்–திருச்சிப் பாதையை 1860களில் அப்படித்தான் போட்டார்கள். 1869இல் மேயோ பிரபு வைஸ்ராயாக வந்தார். புது மேனேஜர் வந்தால் என்ன சொல்வார்? முன்னவர் செய்ததெல்லாம் தண்டச் செலவு என்பார். சொன்னார். இனி ஒரு மீட்டர் போதும்! அதென்ன மீட்டர்? இந்தியா சீக்கிரமே மெட்ரிக்குக்கு மாறிவிடும் என்று கணக்கு. வராத வெர்ஷனுக்கு இப்போதே எழுதிவைக்கிற புத்திசாலி எல்லா டீமிலும் ஒருவர் உண்டு. மெட்ரிக் சட்டம் வந்தது 1956இல். அதுவரை துணியைக் கெஜத்திலும் புளியை வீசையிலும் அளந்த நாட்டில் தண்டவாளம் மட்டும் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தது. போட்டு முடித்த நாகை–திருச்சிப் பாதையையும் 1875இல் பிடுங்கிக் குறுக்கினார்கள். இப்போது அது மறுபடி பிராட் கேஜ். யாரும் ராஜினாமா செய்யவில்லை.

ஆக, 1914இல் திறந்த பாம்பன் பாலமும் மீட்டர் கேஜ்தான். அன்று இலங்கைக்குப் போக, தனுஷ்கோடியில் இறங்கு, மூட்டையோடு கப்பல் ஏறு, தலைமன்னாரில் வேறு ரயில் பிடி. அக்கரையில் இலங்கைக்காரர்களோ அதே 5 அடி 6 அங்குலத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ராமாயணத்து நளன் திரும்பி வந்து கடலை அடைத்துக் கொடுத்திருந்தாலும் ரயில் போயிருக்காது.

பாம்பன் பிராட் கேஜ் ஆனது 2007இல். வேலை நடந்தபோது ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் குடியரசுத் தலைவராக இருந்தது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

பிறகு புதுப் பாலம். 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே எழும்பும். 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரிவ்யூவில் கமெண்ட் போட்டார்: ரயில்வேக்குத் தரவிதி எழுதவே ஆர்.டி.எஸ்.ஓ. என்று சொந்த அமைப்பு இருக்க, அதை ஒதுக்கிவிட்டு வெளிநாட்டு விதிப்படி வடிவமைத்திருக்கிறீர்களே? அமைச்சகம், ஐ.ஐ.டி.க்காரர்கள் சரிபார்த்தாயிற்று என்றது. ஆணையரும் அந்தக் கமெண்டோடேயே அப்ரூவ் கொடுத்திருந்தார்: 75 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம், தூக்குகிற துண்டில் மட்டும் 50. எங்கள் ஆபீஸில் இதற்கு வாரத்துக்கு நாலு உதாரணம் உண்டு.

2025 ஏப்ரல் 6இல் பாலத்தைத் திறந்தார்கள். கீழே படகில் காத்திருக்கிறவருக்கு எந்த நாட்டு விதி என்பதில் அக்கறையில்லை. அவர் கேட்பதெல்லாம், “எப்பத்தான் தூக்குவாக?”