சிப் சம்மதித்தால் அச்சு

பிரிண்டருக்குச் சரியான கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்பவர்கள், தேர்ந்தெடுப்பது தாங்கள்தான் என்று நம்புகிறார்கள். பாவம். கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் கடுகளவு சிப்பைப் பார்த்து, வந்திருப்பது சொந்த வீட்டுப் பிள்ளையா வேற்றாளா என்று விசாரித்த பிறகே பல பிரிண்டர்கள் வேலையைத் தொடங்குகின்றன. 2016 செப்டம்பரில் எச்.பி.யின் சில பிரிண்டர்கள், அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த வேற்று நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்தன. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. முறையாகத் தெரிவிக்காததற்காக, மறுத்ததற்காக அல்ல.

தரத்தைக் காக்கத்தானே சிப் என்பார்கள். அந்த வாதத்துக்கு 2022 தொடக்கத்தில் கேனன் நிறுவனமே பதில் சொல்லிவிட்டது. உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. சிப் இல்லாத டோனர்களையே விற்று, பிரிண்டர் எச்சரித்தால் எந்தப் பொத்தானை அழுத்தி அதைக் கடப்பது என்று வாடிக்கையாளருக்குப் பாடமும் நடத்தியது. அச்சின் தரம் கெடாதாம்; டோனர் எவ்வளவு மிச்சம் என்பதுதான் சரியாகத் தெரியாதாம்.

அதற்காக மலிவு மையெல்லாம் அமிர்தம் என்று சொல்ல முடியாது. அச்சுத்தலை கார்ட்ரிட்ஜிலேயே இருந்தால், மட்டமான மை அடைத்துக்கொண்டாலும் கார்ட்ரிட்ஜோடு தொலையும். தலை பிரிண்டரில் இருந்தால் செலவு பிரிண்டர் விலையை எட்டிப் பார்க்கும். வாங்குமுன் இதையும், பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கையும் பார்க்கலாம். கறுப்பு டோனரில் அந்தக் கணக்கு, பக்கத்தில் ஏறக்குறைய 5 சதவீத இடம் மட்டும் கறுப்பாவதாக வைத்துப் போட்டது. பிள்ளையார் படம் போட்ட கல்யாணப் பத்திரிகைக்குச் செல்லாது.