சுவிட்ச் இல்லாத சுவர்

ஹைடல்பெர்க், ஜெர்மனி

சிவகாசியை அடுத்த திருத்தங்கல் வீட்டிலுள்ள பெரியோருக்கு,

சென்ற விடுமுறையில் இங்கிருந்து கொண்டுவரப்பட்டு, கூடத்துத் தொலைக்காட்சியின் முதுகில் செருகப்பட்டுள்ள டிவி ஸ்டிக் என்னும் சிறு கருவியை இரவில் எப்படி அணைப்பது, அணைக்காவிட்டால் அது கரண்டைத் தின்னுமா, வீட்டுக்கு ஆபத்து ஏதும் உண்டா என்று அப்பத்தா எழுப்பியுள்ள மூன்று வினாக்களுக்கும் விடை கூறுவதே இம்மடலின் நோக்கமாகும். இதே விடைகளை வீடியோ அழைப்பில் கூற மேற்கொள்ளப்பட்ட முயற்சி, அழைப்பில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் விடை கூறத் தொடங்கியதால் கைவிடப்பட்டது. சொந்த அபிப்பிராயம் என்று விருதுநகர் மாமா ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக, மடல் எழுதுபவர் இதில் எங்கும் தம்மை முன்னிறுத்தாமல், தேவைப்படும் இடங்களில் ‘குடிபெயர்ந்தவர்’ என்று மட்டும் குறித்துக்கொள்வார்.

ஸ்ட்ரீமிங் கருவி என்பது, இணையத்தின் வழியே வரும் படத்தையும் பாட்டையும் முழுதாகச் சேமித்து வைக்காமல், வர வர விரித்துத் திரையில் காட்டும் ஒரு சிறு கணினி ஆகும். 2007-இல் ஆப்பிள் டிவி, 2008-இல் ரோக்கு, 2013-இல் குரோம்காஸ்ட், 2014-இல் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் என்று இவை அடுத்தடுத்துச் சந்தைக்கு வந்தன. அளவும் விலையும் வேறுபட்டாலும், கருவியின் உடம்பில் அணைக்கும் பொத்தான் இல்லை என்பதில் பெரும்பாலும் ஒற்றுமை உண்டு. ஆகவே திருத்தங்கல் வீட்டார் மூக்குக்கண்ணாடியும் டார்ச் லைட்டுமாக அதைத் திருப்பித் திருப்பித் தேடியதில் தேடியவர்களின் குறை எதுவும் இல்லை. இக்கருவிக்கு உறக்கம் மட்டுமே விதிக்கப்பட்டுள்ளது. உறக்கம் என்பது, படத்தை விரித்துக் காட்டும் பகுதிகள் வேலையை நிறுத்திவிட, விட்ட இடத்தை நினைவில் வைத்திருக்கும் பகுதியும், ரிமோட்டின் அழைப்புக்கும் இணையத்தின் அழைப்புக்கும் காதுகொடுக்கும் பகுதியும் மட்டும் சொற்ப மின்சாரத்தில் விழித்திருக்கும் நிலையாகும். முழுதாக அணைத்துவிட்டால் மறுபடி எழுந்து வர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும் என்பதும், அந்த ஒரு நிமிடத்தை இன்றைய மனிதரால் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதும், இரவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் புதிய மென்பொருளை இறக்கிக்கொள்ள வசதி வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டுக்குத் தயாரிப்பாளர்களின் தரப்பில் சொல்லத்தக்க காரணங்களாகும்.

இந்த அரைகுறை நிலை சிவகாசி வட்டாரத்தாருக்கு இயல்பாகவே ஒவ்வாது. பட்டாசு ஆலையின் வாசலிலேயே தீப்பெட்டியும் கைப்பேசியும் வாங்கி வைக்கப்படுகின்றன. மருந்து கலக்கும் அறைக்குள் மின்விளக்கு கிடையாது, பகல் வெளிச்சமே விளக்கு. உடம்பில் தேங்கியுள்ள நிலைமின்சாரத்தைத் தரையில் இறக்கிவிட, உள்ளே நுழைவதற்கு முன் தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டுச் செல்லும் வழக்கமும் உண்டு. இத்தகைய ஒழுங்கில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர் ஒரு வீட்டில் இருப்பாரானால், அந்த வீட்டில் இரவு படுக்கைக்கு முன் ஒவ்வொரு சுவிட்சையும் தடவிப் பார்க்கும் ஒரு வலம் கட்டாயம் நடக்கும் என்பதைத் திருத்தங்கல் வீட்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெடிக்காத வெடியைக் கையில் எடுக்காதே, அது செத்துவிட்டது என்று நினைக்காதே என்று நடக்கப் பழகும்போதே கற்பிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, உறக்க நிலை என்பது உள்ளே திரி புகைந்துகொண்டிருக்கும் அத்தகைய வெடியாகவே தோன்றும். ஆயினும் வெடிக்காத வெடிக்குச் செய்வதுபோல் இதன்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றும் திட்டம் ஏதும் வீட்டில் இருக்குமானால் அது கைவிடப்பட வேண்டும்.

நம் ஊரில் இந்த மனக்குறையைத் தீர்க்கச் சுவரிலேயே வழி உண்டு. பிளக் செருகும் துளைகளுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டிவிட்டால், செருகப்பட்ட பொருள் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும் வாயடைத்துப் போகும். ஜெர்மனியின் சுவர்களில் அந்தச் சுவிட்ச் கிடையாது. அந்நாட்டு மின்சாரமும் இந்திய மின்சாரத்தைப் போலவே 230 வோல்ட்தான். ஆனால் சுவரில் இருப்பது இரண்டு துளைகளும் இரு ஓரங்களில் எர்த்துக்கான பித்தளைப் பட்டைகளும் கொண்ட ஒரு வட்டப் பள்ளம் மட்டுமே. புதிதாகக் குடியேறிய தென்னாட்டார் ஒருவரை ஜெர்மனியில் அடையாளம் காண விரும்புவோர், இரவில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பவரைத் தேடினால் போதும். சிவகாசி அச்சகங்களில் ஓடும் ஹைடல்பெர்க் இயந்திரங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கைக்கெட்டும் இடத்தில் அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும் என்பது பழகிய செய்தி. அந்த இயந்திரங்களுக்குப் பெயர் தந்த ஊரிலேயே வீட்டுச் சுவரில் நிறுத்தும் வழி இல்லாதது குடிபெயர்ந்தவருக்கு முதல் குளிர்காலம் முழுவதும் புதிராகவே இருந்தது. தீ உண்டாக்கும் தொழிலைக் கற்றுவர 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்ற ஊரிலிருந்து, ஒரு பொருளை அணைக்கும் கலையைக் கற்க இன்னொருவர் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது என்பதை வரலாற்றின் குறும்பாகக் கொள்ளலாம். ஜெர்மானியர் இதற்குக் கண்ட தீர்வு, சிவப்பு விளக்குடன் சுவிட்ச் பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆகும். தொலைக்காட்சி, ஸ்டிக், ஒலிப்பெட்டி மூன்றையும் அதில் செருகி, இரவில் கால் பெருவிரலால் அணைப்பதை அந்நாட்டில் பண்புள்ள குடும்பத்தின் இலக்கணமாகக் கருதுவோர் உளர்.

அவர்கள் அவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் கரண்டு பில். அண்மை ஆண்டுகளில் ஜெர்மனியில் வீட்டு மின்சாரம் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 35 சென்ட்டுக்கும் மேலாக, அதாவது முப்பது ரூபாய்க்கும் மேலாக விற்கிறது. கேட்பாரற்று விழித்திருக்கும் பொருள்கள் உலகெங்கும் குடிக்கும் மின்சாரத்தைக் கண்டு, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர் என்பவர் காத்திருப்பு நிலையில் எந்தப் பொருளும் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வாதிட, சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் அதையே தன் திட்டமாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் இயற்றிய விதியின்படி அந்த ஒரு வாட் 2010 முதல் கட்டாயமாகி, 2013-இல் பெரும்பாலான பொருள்களுக்கு அரை வாட்டாகக் குறைந்தது. இணையத்தின் அழைப்புக்காகக் காத்திருக்கும் கருவிகளுக்கு மட்டும், பாவம் என்று சற்றுத் தாராளம் காட்டி, 2013-இல் தனியாக ஒரு விதி செய்யப்பட்டது. வேலையில்லாமல் இருந்தால் 20 நிமிடத்துக்குள் தானாகவே உறங்கிவிட வேண்டும் என்பதும், அவ்வாறு உறங்கும்போது எடுக்கும் மின்சாரம் 2019 முதல் பொதுவாக 2 வாட்டுக்கு மேற்படக்கூடாது என்பதும் அதன் சாரமாகும்.

எப்போது எரியலாம், எப்போது அணைய வேண்டும் என்று நேரம் குறிப்பதில் இரு நாட்டு அரசுகளும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்கலாம் என்றால், ஜெர்மனியில் பொதுமக்கள் வாணவெடி வெடிக்க டிசம்பர் 31, ஜனவரி 1 என்ற இரு நாள்கள் மட்டுமே அனுமதி. கடையில் விற்பனையும் ஆண்டின் கடைசி மூன்றே வேலை நாள்களில் முடிந்துவிடும். மூன்று நாளில் சரக்குத் தீர வேண்டும் என்ற செய்தியைக் கேட்டுப் பட்டாசுக்கடைச் சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பாராக.

இனி விருதுநகர் மாமாவுக்கான கணக்கு. பருப்பு மண்டியில் ஒரு மூட்டைக்குச் சிந்தும் பருப்பையும் கணக்கில் ஏற்றுபவர் என்பதால், அவர் வாய் திறக்கும் முன்பே எண்களைத் தந்துவிடுவது நல்லது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். உறங்கும் கருவி எந்நேரமும் 2 வாட் எடுப்பதாக மிகுதியாகவே வைத்துக்கொண்டாலும், ரீடிங் எடுக்க ஆள் வரும் இரண்டு மாதத்துக்குள் அது தின்பது மூன்று யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. 2016 முதல் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் அது ஒரு மூலைக்கும் காணாது. ஜெர்மனியில் அதே உறக்கம் ஆண்டுக்குப் பதினேழரை யூனிட், ஆறு யூரோவுக்கும் மேல். அந்த ஆறு யூரோவைச் சேமிக்கக் குடிபெயர்ந்தவர் ஆண்டு முழுவதும் பெருவிரலால் பாடுபடுகிறார். அதேவேளையில், வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எரிந்தாலும் அணைந்தாலும், ஒலிபரப்புக் கட்டணமாக மாதம் 18.36 யூரோவை அந்நாடு ஒவ்வொரு வீட்டிடமும் 2021 ஆகஸ்டு முதல் வாங்கிவருகிறது. மாமா இதைப் படித்து முடித்ததும் ஒரு சொம்பு மோர் கொடுக்கவும்.

செலவு இவ்வளவுதான் என்றால் கவலை எங்கே உள்ளது என்று கேட்கலாம். கவலை, தொலைக்காட்சியை அணைத்தால் ஸ்டிக்கும் அணையும் என்ற நம்பிக்கையில் உள்ளது. தொலைக்காட்சியையும் ஸ்டிக்கையும் இணைப்பது எச்டிஎம்ஐ எனப்படும், படத்தையும் ஒலியையும் ஒருசேரக் கடத்தும் இணைப்பாகும். அதன் பத்தொன்பது ஊசிகளில் பதின்மூன்றாவது, கருவிகள் தமக்குள் சேதி சொல்லிக்கொள்வதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சிஇசி என்னும் இந்த ஏற்பாடு இயங்கினால், தொலைக்காட்சி உறங்கும்போது ஸ்டிக்கையும் உறங்கச் சொல்லும். ஸ்டிக் எழும்போது தொலைக்காட்சியையும் எழுப்பும். இயங்காவிட்டால், திரை இருண்ட பிறகும் ஸ்டிக் தன் பாட்டுக்குத் தொடரின் அடுத்தடுத்த பகுதிகளை யாரும் இல்லாத கூடத்துக்குக் காட்டிக்கொண்டே, கைப்பேசி வழியாகக் கொடுக்கப்படும் அன்றைய டேட்டாவையும் கரைத்துக்கொண்டிருக்கும். சில செயலிகள் நெடுநேரத்துக்குப் பிறகு ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா’ என்று திரையில் கேட்டுவிட்டு நின்றுகொள்வதுண்டு. திருத்தங்கலில் இதே கேள்வியை, ‘யாருமே பாக்கல, எதுக்குடா அது ஓடுது’ என்ற வடிவில், அடுப்படியிலிருந்தே கேட்டுவிடும் வசதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. அமெரிக்கப் பொறியாளர்கள் அப்பத்தாவை எட்டிப் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின என்பதே உண்மை.

ஸ்டிக் எழும்போது தொலைக்காட்சியையும் எழுப்பும் என்ற பாதிக்கும் ஒரு சான்று உண்டு. ஒரே வைஃபையில் இணைந்துள்ள எந்தக் கைப்பேசியிலிருந்தும் படத்தைத் திரைக்கு அனுப்பலாம் என்பதால், ஜெர்மனி வீட்டுக்கு வந்திருந்த மச்சான் ஒருவர் நள்ளிரவில் படுத்தபடியே தவறான பொத்தானைத் தொட, உறங்கிய ஸ்டிக் விழித்து, தொலைக்காட்சியைத் தட்டி எழுப்பி, கூடத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழு ஒலியில் முழங்கின. இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி காக்க வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்கு. கீழ்வீட்டு அம்மையார் மறுநாள் கதவில் ஒட்டிய சீட்டில், கோபம் ஏதும் இன்றி, யாருக்குத் திருமணம் என்று மட்டும் கேட்டிருந்தார். தீபாவளிக் காலைப் பட்டிமன்றம் திருத்தங்கலில் பத்து மணிக்கு என்றால், கடிகாரத்தைக் குளிர்காலத்துக்கு மாற்றிவிட்ட ஆண்டுகளில் ஹைடல்பெர்க்கில் அது ஐந்தரை மணி. ஆகவே நடுவர் சாலமன் பாப்பையாவின் தீர்ப்பை அங்கே காதுக்குள் செருகிய இயர்போனில்தான் கேட்க வேண்டும்.

முழுதாக அணைப்பதில் ஒரு துறையில் மட்டும் திருத்தங்கல் ஜெர்மனியை வெகுவாக முந்தி நிற்கிறது. மாதந்தோறும் பராமரிப்புப் பணி என்று மின்வாரியம் காலையிலிருந்து மாலை வரை கரண்டை நிறுத்தும் நாளில், இக்கருவி பிளக்கைப் பிடுங்காமலேயே முழு ஓய்வு பெற்று, நினைவில் தேங்கிய குப்பை எல்லாம் நீங்கி, மாலையில் புதிதாக எழுகிறது. நாள்கணக்கில் உறங்கி உறங்கி எழும் கருவி ஒருநாள் படம் உறைந்து நிற்பதும், ரிமோட்டுக்கு அசையாமல் இருப்பதும் இயல்பே. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகுவதே அதற்கு மருந்து. ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்துச் சராசரியாகப் பதின்மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே மின்தடை ஏற்படுவதால், அந்த மருந்தை மனிதரே கொடுக்க வேண்டியுள்ளது.

ஆபத்து பற்றிய வினாவுக்கு விடை எளிது. தொட்டால் ஸ்டிக் வெதுவெதுப்பாக இருப்பது அதன் இயல்பு. துணி போர்த்தாமலும், காலண்டர்க் கட்டுகளையும் காகிதச் சுருள்களையும் தொலைக்காட்சிக்குப் பின்னால் அடுக்காமலும் இருந்தால் போதும். தினமும் இரவில் ரிமோட்டில் வீடு படம் போட்ட பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், உறங்கவைக்கும் வாய்ப்பு திரையில் தோன்றும். அதைத் தேர்ந்துவிட்டு, தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, தாத்தா தமது வலத்தின்போது சுவரின் சுவிட்சைத் தட்டிவிடலாம். திரையில் மென்பொருள் புதுப்பிக்கப்படுவதாக எழுத்து ஓடும்போது மட்டும் சுவிட்சைத் தொடக்கூடாது; பாதியில் நின்றால் கருவி எழாமலே போகக்கூடும். காலையில் சுவிட்சைப் போட்டதும் ஒரு நிமிடம் ரிமோட்டை யாரும் அழுத்தாமல் இருப்பது நலம்.

கூடத்துத் தொலைக்காட்சியில் சிஇசி இயங்குகிறதா என்பது மட்டும் எஞ்சியுள்ளது. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்ளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. பொதுப் பெயரைச் சொல்லித் தேடினால் பல மெனுக்களில் அது அகப்படாது. ஆதலால் பின்புறத்தில் ஒட்டியுள்ள சீட்டிலிருக்கும் நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதி அனுப்பினால், எந்தப் பெயரில் எங்கே தேட வேண்டும் என்ற விவரம் அடுத்த மடலில் வரும். அதற்காகத் தொலைக்காட்சியைச் சுவர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும் என்பதால், அப்பத்தாவின் சீரியல் முடிந்த பிறகே இப்பணியைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
குடிபெயர்ந்தவர்